வெள்ளைப் பின்னணி

என் கடைத் துணியில் இரண்டு சனிக்கிரகங்கள்.
ஒரு பிழைப்புக்கு ஒரு சனி போதாதா
என்று ரிம்மாவிடம் கேட்டேன்.
"ஓரத்தில் இடம் மிச்சமிருந்தது" என்றாள்.

நாடக அரங்குக்குக் கடல்களும் காடுகளும் தீட்டியவள்.
சம்பளம் வராத ஒரு மாதத்தில்
மூட்டை மாவுக்கு
எனக்கொரு பால்வெளி தீட்டித் தந்தாள்.
பழைய நாட்காட்டிப் படத்தைப் பார்த்து,
ஊதா தீர்ந்ததால் நீலத்தைக் கொட்டி,
பல் துலக்கும் பிரஷ்ஷால்
நட்சத்திரங்களைத் தெறித்து.
நிஜத்தில் இந்த நிறம்தானா?
"போய் வந்தவன் யாராவது
சண்டைக்கு வரட்டும், பார்க்கலாம்."

காசலி ரயில் நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் இடையில்
மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர்
பிரபஞ்சம்.

அதன் முன்னால் நின்றவர்கள்:
கையில் இன்னும் விலைச்சீட்டு தொங்கும் கவுனோடு மணமகள்.
வெண்கலம் வாங்கிய மல்யுத்தப் பையன்,
வெள்ளி என்றே சொல்லச் சொன்னான்.
தோம்ப்ராவை மீட்டுவதுபோல் பிடித்த கணக்கு வாத்தியார்.
குழந்தைகளுக்குத் தலைக்கவசம் உண்டு,
துணி துவைக்கும் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில்
நானே செய்தது.
உள்ளே மூச்சு படிந்து முகம் மறையும்.
துடைத்துவிட்டுத் திரும்ப எடுப்பேன்.

ராக்கெட் கிளம்பும் இரவுகளில்
புல்வெளிக்கு அப்பால் வானம் ஒரு பக்கம் சிவக்கும்,
ஜன்னல் லேசாக நடுங்கும்.
தேநீர்க் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு
ஆட்டு விலையைப் பற்றிய பேச்சைத் தொடர்வோம்.
நிஜத்துக்குக் கட்டணம் இல்லை,
அதனால் யாரும் எழுந்து போவதில்லை.

தோஸ்போல் வந்தது ஜனவரியில்.
இமையெல்லாம் உறைபனி.
கடவுச்சீட்டுப் படம்,
கொரியாவில் கப்பல் பற்றவைக்கும் வேலை.
வெள்ளைப் பின்னணி கட்டாயம்.
என் வெள்ளைத் திரையோ முந்தின வாரம்
அடுப்பின் மேல் சரிந்து கருகியிருந்தது.

இருவருமாகப் பால்வெளியைக் கழற்றித்
திருப்பி மாட்டினோம்.

பின்பக்கம் வெளுப்பு.
அங்கங்கே ஊறிய நீலம்,
ஆணி போன தடம்,
ரிம்மாவின் கைக்கணக்கு: மாவு, எண்ணெய், மீதி.
"இவ்வளவுதானா" என்றான் அவன்,
ஏமாந்தவன் போல அல்ல,
வண்டியின் அடியில் குனிந்து பார்த்தவன் போல.

காது தெரியட்டும். சிரிக்காதே.
சிரித்தான். திரும்ப எடுத்தேன்.

பத்து நாளில் படம் திரும்பி வந்தது:
பின்னணியில் கறை.
கணினியில் உட்கார்ந்து
ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டினேன்.
முதுகு காட்டி நின்ற நட்சத்திரங்கள்,
முப்பதா, நாற்பதா,
ஒரு சொடுக்குக்கு ஒன்று.
வேகத்தில்
அவன் கன்னத்து மச்சமும் போயிற்று.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி
படத்தையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்து
எச்சில் தொட்டு அழித்துப் பார்க்கச் சொன்னாராம்.
தொலைபேசியில் சொல்லிச் சிரித்தான்.
அங்கே இரவிலும் வேலையாம்.
முகமூடியைத் தாழ்த்தினால் ஒரே இருட்டு,
அதில் தீப்பொறி மட்டும்.
"உன் துணியின் முன்பக்கம் மாதிரி.
ஆனால் சுடுகிறது."

ஏப்ரலில் அவன் அம்மா ஷோல்பான் வந்தாள்,
ஒரு பை உலர்ந்த தயிர்க்கட்டியோடு.
மகன் படம் பெரிதாக வேண்டும்.
வெள்ளையில் வேண்டாம்,
வெள்ளையில் பார்த்தால்
ஆஸ்பத்திரியில் இருக்கிறவன் மாதிரி இருக்கிறான்.
எல்லோரும் நிற்கிற இடத்தில் அவனையும் வை.

வெட்டி எடுத்து
இரண்டு சனிகளுக்கும் நடுவில் ஒட்டினேன்.
அவன் முகத்து வெளிச்சம் ஒரு திசையிலிருந்து,
அண்டத்து வெளிச்சம் வேறு திசையிலிருந்து.
காது ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு
எவ்வளவு தேய்த்தும் நின்றது.

மச்சத்தை
நினைவிலிருந்து வைத்தேன்.
இடது கன்னமா, வலதா,
ஒரு நிமிடம் கை தயங்கியது.

வெகுநேரம் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சுருட்டிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
காற்றில் இறங்கிப் போனாள்.