அவசர அலுமாரி

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி
கச்சேரி மண்டபத்தில் ஒரு கடித உறையைக் கிழித்தார்.
மேசையில் கொட்டியது கோதுமை மா.
"இதைக் கிருமியெண்டு வையுங்கோ" என்றார்.
மணி ஒன்பது இருபது.

வைத்துக்கொண்டோம்.
தபால் கந்தோர்க்காரர் இருவர்
நிலத்தில் விழுந்து செத்தார்கள்.
ஒருவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
பிறகு என் பக்கம் திரும்பினார்:
"மருந்துப் பரிசோதகர், உங்களிட்ட இருக்கிறது
எத்தினை பேருக்கு, எத்தினை நாளைக்கு?"

பண்ணையில், கடற்காற்றில் துருவேறும் களஞ்சியத்தில்
சிவப்பு மை பூசிய அலுமாரி.
திறப்பு இரண்டு:
ஒன்று என்னிடம், மற்றது அருள்நேசனிடம்.
உள்ளே, போன மாதம் வரை,
நாலாயிரம் குளிசை, அறுநூறு குப்பி.

குப்பியொன்றை நான்தான்
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
மயிரிலும் மெல்லிசாய் ஏதோ மிதந்தது.
குலுக்கச் சுழன்றது,
விட, அடியில் போய்ப் படுத்தது.
பதினொரு நாள் கழித்து ஆய்வுகூடத்தின் ஒற்றை வரி:
பாவனைக்கு உகந்ததல்ல.
குளிசையும் அதே கொம்பனி.

"பெட்டியாவது கிடக்கட்டும் மிஸ்" என்றான் அருள்நேசன்,
"வெறும் றாக்கையைக் கண்டால் சனம் பயந்துபோகும்."
பிறகு அவனே பெட்டிகளை இறக்கினான்,
ஒவ்வொன்றாய்,
திகதியை விரலால் தடவித் தடவி.

தடைக்காலத்தில்
அவன் தமக்கையின் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலுக்கு
கிளாலி கடந்து வந்தது ஓர் ஊசிமருந்து.
திகதி இருந்த இடம் சுரண்டியிருந்ததாம்.
கெஞ்சித்தான் வாங்கினார்களாம்.
அதற்கு மேல் அவன் சொல்லுவதில்லை,
நான் கேட்டதுமில்லை.
அரக்கு உருக்கிச் சீல் வைத்தேன்.
பெருவிரலில் ஒரு சொட்டு.
இன்னும் தோல் உரிகிறது.

மண்டபம் காத்திருந்தது.
தலைக்கு மேல் மின்விசிறி
கோதுமை மாவை மெல்ல மெல்ல எடுத்துப் பரப்பியது,
பைல்களில், தேத்தண்ணிக் கோப்பைகளில்,
பிரதேச செயலாளரின் கண்ணாடியில்,
என் சேலைக் கரையில்.
ஒருவருக்கும் அது தெரியவில்லை.

"ஒருவருக்கும் இல்லை" என்றேன்,
"ஒரு நாளைக்கும் இல்லை."

"ஆனால் ஆவணத்தில் நாலாயிரம்..."

"நாலாயிரமும் சீலுக்குள்ள இருக்கு, சேர்.
எடுத்துக் கொடுக்க ஏலாது."

செத்துக் கிடந்தவன்
முழங்கை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்தான்.
இப்போது அவன் சிரிக்கவில்லை.

அதிகாரி பென்சிலால் ஒரு பூச்சியம் போட்டார்.
"பேனையால் போடுங்கோ" என்றேன்.

அவர் பேனை தேடிய நேரத்தில்
எழும்பிப் போய்
விசிறியை நிறுத்தினேன்.