ஏழேகால் செய்தி

அம்மா நாலரைக்கே போய்விடுவாள்.
சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் வாசலில்
ஆகாசவாணியின் அம்பாசடர்
மூடுபனிக்குள் இருமிக்கொண்டு நிற்கும்.
ரஜாயை என் கழுத்துவரை இழுத்துவிட்டு
மப்ளரைச் சுற்றிக்கொண்டு
வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்தபடி படியிறங்குவாள்.
மந்திரம் என்று நினைத்திருந்தேன்.
வெளிநாட்டு மந்திரிகளின் பெயர்கள் என்று
பிற்பாடு தெரிந்தது.

எங்களுக்கு அவள் திரும்பக் கிடைப்பது ஏழேகாலுக்கு,
சிற்றலையில்.
தமிழ்நாடு முழுக்கத் தெளிவாகக் கேட்கும் குரல்
நாலு மைல் தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுக்கு மட்டும்
கடல் தாண்டி வருவதுபோல்
அமுங்கி, எழும்பி, அமுங்கி வரும்.
ஜன்னல் கம்பியில் கட்டிய ஒயரைத்
தம்பி சங்கரு பிடித்துக்கொண்டு நிற்பான்.
அவன் மூக்கைச் சொறிந்தால்
ஒரு வாக்கியம் போய்விடும்.

ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது
உலகம்மை சிதம்பரநாதன்.

சிதம்பரநாதன் அப்போது பம்ப் ஸ்டவ் முன்னால்
பால் பொங்காமல் காத்துக்கொண்டிருப்பார்.
தன் பெயர் வந்ததும் ஒரு தரம் தலையசைப்பார்,
வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்கிற பையன்போல.

வீட்டில் "ஏட்டி, எந்திரி" என்கிறவள்
அங்கே "தெரிவிக்கப்படுகிறது" என்பாள்.
செய்தியை நான் கேட்டதே இல்லை.
தொண்டை கட்டியிருக்கிறதா,
நேற்று என்னை அடித்த கோபம் மிச்சமிருக்கிறதா,
அதைத்தான் கேட்பேன்.
'உருளைக்கிழங்கு ஏற்றுமதி' என்று அவள் சொல்லும் தினுசில்
தெரிந்துவிடும்.

அந்தத் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
ஆறு மணிக்குக் கதவு தட்டிற்று.
குரங்குக் குல்லாய், சைக்கிள், காக்கிப் பை.
தார் ஆயா ஹை, சாப்.
அப்பா முதலில் கையெழுத்துப் போட்டார்.
பிறகு பிரித்தார்.
பிறகு போய் ஸ்டவ்வை அணைத்தார்.
அம்பாசமுத்திரத்துத் தாத்தா.

மாடியில் சபர்வால் வீட்டில் போன் உண்டு.
அப்பா ஏறினார், பின்னாலேயே நானும்.
நாலு எண் சுழற்றினார்.
ஐந்தாவது துளையில் விரல் அப்படியே நின்றது.
கையெல்லாம் கோதுமை மாவோடு
சபர்வால் ஆன்ட்டி பார்த்துக்கொண்டிருந்தாள்.
"படிச்சு முடிக்கட்டும்" என்றார்
அவளிடம், தமிழில்,
ரிசீவரை வைத்துவிட்டு.

ஏழேகால்.
யாரும் சொல்லாமலே சங்கரு ஒயரைப் பிடித்தான்.
அன்றைக்கென்று பார்த்து ஒரு இரைச்சல் இல்லை.
அடுக்களையிலிருந்து பேசுவதுபோல் அத்தனை துல்லியம்.
நிலக்கரித் தட்டுப்பாடு.
எங்கேயோ ஒரு மந்திரிசபை கவிழ்ந்தது.
வட மாநிலங்களில் குளிர் நீடிக்கும்.
ஊர் உலகத்துக்கே சேதி சொல்கிறவளைவிட
எங்கள் மூன்று பேருக்கும்
ஒரு சேதி கூடத் தெரிந்திருந்தது.
எட்டு வயதில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம்
இன்னொரு செய்தி. அப்புறம் இன்னொன்று.
விளையாட்டு வந்துவிட்டது.
விளையாட்டு வந்தால் முடியப்போகிறது.

குற்றாலிங்கம் மாமா ரொம்ப நாள் கழித்துச் சொன்னது:
தாத்தாவைக் கூடத்தில் கிடத்தியிருந்ததாம்.
தினமும் செய்கிற யாருடைய கையோ
அந்த நேரத்துக்கு ரேடியோவைத் திருகிவிட்டதாம்.
அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்களாம்.
பத்து நிமிஷம் கூடமே செய்தி கேட்டது,
தாத்தா உட்பட என்றார் மாமா.
'இத்துடன் செய்திகள் முடிவடைந்தன' என்றதும்
விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

அம்மா அதைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு தடவை,
அடுத்த மழைக்காலத்தில், சப்பாத்தி வாட்டிக்கொண்டே.
"அன்னைக்கு நான் எங்கயாவது தடுக்கினேனா?"
"இல்லை" என்றார் அப்பா.

தடுக்கவில்லைதான்.
நிலக்கரிக்கும் மந்திரிசபைக்கும் நடுவில்
ஒரு மூச்சளவு நிறுத்தினாள்.
தாள் புரட்டியிருப்பாள்.
இல்லை, சங்கரு மூக்கைச் சொறிந்திருப்பான்.
அவனிடம் கேட்கலாம், இப்போதும்.
கேட்கவில்லை.