முதல் வெட்டு

டைக் வீதியில் ஒரு விருந்தினர் விடுதி,
பின்வளவு எட்டுப் பேர்ச்.
முகாமையாளர் நிரோஜன் விரலால் வானத்தில் கோடு போட்டார்:
எண்பதாம் நாள் கலியாணம்,
பொம்பிளையும் மாப்பிள்ளையும் வெறுங்காலோடு
புல்லில் நிற்கவேணும், படத்துக்கு.

மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.
உப்பு. சமாளிக்கலாம்.
காலால் கிளறினேன்.
கோரை.

கோரையைப் பிடுங்குகிறவள் கோரைக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி.
தாள் கையோடு வரும்,
கிழங்கு கீழே இருந்துவிடும்,
நூலில் கோத்த மணிபோல ஒன்றுக்குப் பின் ஒன்று,
நூலை அறுத்தால் ஒவ்வொரு மணியும்
தனிக்குடித்தனம் போகும்.

ஒரு முழம் தோண்டினோம்,
நானும் பரீனாவும் மல்காந்தியும்.
அரிதட்டில் அரித்து வாளியில் போட்டு எண்ணினோம்.
நானூற்றுப் பதினேழோடு மழை வந்து
கணக்கு விட்டுப்போனது.

அடுத்து நான் சொன்னதுக்கு நிரோஜன் முகம் கோணியது.
வெறும் மண்ணுக்குத் தண்ணி விடவேணும்,
பத்து நாள், ஒன்றும் நடாமல்.
"காசு குடுத்துக் களை வளக்கிறதோ?"
ஓம். ஒளித்திருக்கிறதெல்லாம்
நம்பி வெளியே வரட்டும்.

வந்தன.
நெருஞ்சி, நாயுருவி, கீழ்க்காய்நெல்லி,
பேர் தெரியாத ஊதாப்பூ ஒன்று.
மூன்றாம் இலைக்கு முதல்
மண்வெட்டியைப் படுக்கவைத்துச் சீவினேன்.
அந்த வேலையை மற்ற இரண்டு பேருக்கும் குடுக்கவில்லை.
ஏனென்று அவர்களும் கேட்கவில்லை.

அறுகு ஒரு சாக்கு சேர்ந்தது.
மலேசியன் புல்லுக்குள் நுழைந்தால் அதுவும் களைதான்.
பிள்ளையாருக்குக் கொண்டுபோனேன்,
ஐயர் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு போதும் என்றார்.
மிச்சம் பரீனாவின் ஆட்டுக்கு.

குருநாகல் லொறியில் புல்பாய் வந்தது,
சுருட்டுச் சுருட்டாக, காசு அனுமதித்த அளவுக்கு.
பாதையோரம் பாய் விரித்தோம்.
நடுவுக்கு அதையே பிய்த்துத் துண்டு நட்டோம்:
நாலு விரல் இடைவெளி, கணு மண்ணுக்குள், நுனி வெளியே.
மல்காந்தி பலகை போட்டு அதன்மேல் நடந்தாள்,
தூங்கும் பிள்ளையைத் தாண்டுகிறவள் மாதிரி.
விடியவும் பின்னேரமும் தண்ணி.

அறுபத்தாறாம் இரவு
கோட்டைப் பக்கத்திலிருந்து மான்கள் வந்தன.
காலையில் குளம்புத் தடமும்
மிளகு சிந்தியதுபோலப் புழுக்கையும்.
நிரோஜன் தலையில் கை வைத்தபடி நின்றார்,
காவலாளி தன் செருப்பையே பார்த்தபடி நின்றான்.

நான் குந்தி விரலால் அளந்தேன்.
இரண்டு விரல். இந்த மூலையிலும் இரண்டு, அந்த மூலையிலும் இரண்டு.
எப்படியும் அந்தக் கிழமை முதல் வெட்டு வெட்டவேணும்,
மெஷின் வாடகை நாலாயிரம்.
வேர் ஒன்றும் எழும்பவில்லை, இழுத்துப் பார்த்தேன்.

மான் தொடாததும் இருந்தது.
மேய்ந்த பச்சைக்கு மேலே
தனித்தனியாய், நெஞ்சு நிமிர்த்தி,
எங்கள் அரிதட்டுக்குத் தப்பின கோரை.
ஆள் காட்டிவிட்டதுபோல.
தேக்கரண்டியால் நூல் பிடித்துப் பிடித்து எடுத்தோம்,
இருபத்துமூன்று.

கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை.
கடைசிச் சம்பளம் வாங்கப் போனபோது
நிரோஜன் போனில் படம் காட்டினார்.
எல்லாரும் பொம்பிளையின் முகத்தைப் பார்ப்பார்கள்.
நான் இரண்டு விரலால் பெரிதாக்கிக் கீழே இறங்கினேன்:
மருதாணிக் குதிக்கால்,
அதன் பக்கத்தில் மூன்று பட்டைத் தண்டு ஒன்று,
மெல்லிசாய், கமெராவைப் பார்த்தபடி.

இருபத்துநாலு.