பதினெட்டுக்குக் கீழே இருட்டு

நகரிக்குப் போகிற ரோட்டில்
சுண்ணாம்பு உதிர்ந்த சர்வே கல்.
அதற்கு நாலடி இந்தப் பக்கம்
பரிசோதனை வேன் நிற்கிறது.
ஜெனரேட்டர் மட்டும் ஆந்திராவில்.
புளியமர நிழல் அங்கேதான்.

திரைக்குப் பின்னால் என் வேலை.
படம் வரும், ஆள் வருவதில்லை.
கறுப்பில் ஒரு சாம்பல் பிறை,
மூலையில் ஈய எழுத்து, நீளமாய் ஒரு கீறல்,
துடைக்க மறந்த பவுடரின் புள்ளிகள்.
இதில் எது மார்பு, எது வெறும் பின்புலம் என்று
கணினிக்குச் சொல்லித் தரவேண்டும்.

அதற்குத் தெரிந்தது எண் மட்டும்.
பூஜ்யம் இருட்டு. இருநூற்றைம்பத்தைந்து வெள்ளை.
எங்காவது கோடு கிழித்தாக வேண்டும்.
பதினெட்டில் கிழித்தேன், தோல் காணாமல் போனது.
படத்தில் தோல் அத்தனை மெலிது,
காற்றோடு காற்றாகிவிடுகிறது.
பன்னிரண்டில் கிழித்தேன்.
தோல் திரும்பி வந்தது,
தட்டின் அழுக்கையும் கூட்டிக்கொண்டு.
பதினாலு. இருக்கட்டும்.

பிறகு ஒற்றை வரியில் ஒரு விதி:
துண்டுகளில் பெரியது எதுவோ அதுவே மார்பு.
மீதியை அழி.

முந்நூற்றுப் பதினோரு படங்கள்
மளமளவென்று போயின.
தயிர்சாதத்தைத் திறந்தேன்.

"மூச்சப் பிடிங்கம்மா, ஊபிரி பிகபட்டு,
ஆ... அவ்ளோதான்."
திரைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா சிஸ்டரின் குரல்.
வந்திருப்பவர் கெங்குலம்மா,
மாங்காய் மண்டியில் கூடை தூக்குகிறவர்.
வயது கேட்டதற்கு "யாபை தாட்டிந்தி" என்றார்.
ஐம்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டார்கள்.

படம் வந்தது.
நிரல் அரை நொடி யோசித்து,
மேல் மூலைத் தசையை வைத்துக்கொண்டு
மார்பை அழித்தது.

முப்பது வருஷக் கூடை அந்தத் தசையில்.
ஆப்பு இறக்கினாற்போல் வெள்ளை வெளேரென்று.
அதற்குக் கீழே மார்போ
கொழுப்பாய்க் கரைந்து இருட்டின் ஓரத்தில்:
பதின்மூன்று, பதினொன்று, பதின்மூன்று.

நிரலில் பிழையில்லை.
எந்த வரியும் சிவப்பாகவில்லை.
சொன்னதைத்தான் செய்தது.
எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மவுஸைப் பிடித்துக் கையாலேயே வரைந்தேன்.
அக்குளில் தொடங்கி, மெதுவாக,
தோல் எங்கே முடிகிறதென்று
கண்ணே தடுமாறுகிற இடத்தில்
ஒரு புள்ளி தள்ளியே வைத்தேன்.
காற்று கொஞ்சம் உள்ளே வந்தால் வரட்டும்,
அவர் வெளியே விடுபடக் கூடாது.

வேன் படியில் படிவத்தோடு நின்றார் பையன்:
"எந்த மாநிலம்மா?"
"வீடு அக்கட, ரேஷன் இங்க.
உனக்கு எது வசதியோ எழுதிக்கோப்பா."
பையைக் கல்மேல் வைத்துவிட்டு
செருப்பு வாரைச் சரிசெய்தார்.

ராத்திரி விதியைத் திருத்தினேன்:
முதலில் தசையைக் கண்டுபிடி, ஒதுக்கு.
பிறகு தேடு, இருட்டுக்குள்ளும் தேடு.

பழைய முந்நூற்றுப் பதினொன்றையும்
மறுபடி ஓட்டினேன்.

ஒன்பதில் விடை மாறியது.