ஒரு காது திறந்திருக்கணும்

இடது காதில் டிராகன், வலது காதில் டிரையர்.
துவாஸ் சலவைக்கூடத்தில் இரவுப் பணி.
ஒரு காது இயந்திரத்துக்குத் திறந்திருக்கணும்,
அது குவெக்கின் சட்டம்.
ஆக, ஆறு வருடமாக எல்லா மாய உலகத்தையும்
பாதிதான் கேட்டிருக்கிறேன்.
கருத்துச் சொல்லப் பாதி போதும்.

டிராகன் பேசும்போது வாசிப்பவர்
தொண்டைக்குள் தகர டப்பாவை உருட்டக் கூடாது.
ஆயிரம் வயசான ஒன்று எதற்கு அவ்வளவு கத்தணும்?
எங்கள் நாலாம் எண் டிரையருக்கு வயசு இருபத்திரண்டு.
அது லேசாக முனகினாலே
மூன்று பேர் ஓடுவோம்.

இளவரசி வந்ததும் மூக்கால் பேசும் ஆண்குரல் என்றால்
அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
'மழை'யை 'மளை' என்று வாசித்த ஒருவருக்கு மட்டும் மன்னிப்பு.
அழ வேண்டிய இடத்தில் அவர் நிஜமாக அழுதார்,
மூக்கை உறிஞ்சியதை யாரோ
வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

'வரைபடத்தைப் பார்க்கவும்' என்கிறார்கள்.
எங்கே பார்க்க?
கையில் இருப்பது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு.
துவைத்தும் போகாத கறையில் ஒரு வளைகுடா,
அயோடின் நிறத்தில் இரண்டு தீவு.
வடக்கு ராஜ்யத்தை அதில்தான் மடித்து வைத்தேன்,
நாலாக, பிறகு எட்டாக.

காலப் பயணக் கதைகளோடு எனக்குச் சண்டை அதிகம்.
போகிறவர்கள் போருக்குப் போகிறார்கள்,
முடிசூட்டு விழாவுக்குப் போகிறார்கள்.
போன செவ்வாய்க்கிழமைக்கு ஒருத்தரும் போனதில்லை.
இறங்கிய நூற்றாண்டில் பாஷை புரிகிறது,
வயிறு கெடுவதில்லை.
தாத்தாவைக் கொன்றால் பேரன் என்னாவான் என்று
நாலு மணி நேரம் தர்க்கம்.
இரட்டை வேகத்தில் ஓட்டினேன்,
தாத்தா சீக்கிரம் செத்தார்.

இந்தத் தீவும் ஒரு ராத்திரி தாவியிருக்கிறது.
எண்பத்தொன்றின் கடைசி நாள்:
பதினொன்றரை ஆனதும் பன்னிரண்டு.
என்னோடு விரிப்பின் மறுமுனை பிடிக்கும் ஹஸ்லின்டா
அப்போது பிறந்தவள்.
அவள் அம்மாவைப் பிரசவ அறைக்குள் தள்ளியது
பதினொன்று இருபத்தெட்டு, குழந்தை பன்னிரண்டு நாலு.
காகிதத்தில் முப்பத்தாறு நிமிட வலி,
அம்மாவின் கணக்கில் ஆறு.
"மீதி முப்பதை யார் பட்டாங்க?"
கோப்பி-ஓவை ஊதிக்கொண்டே ஒவ்வொரு டிசம்பரும் கேட்பாள்.

அந்த அரை மணிக்குள் நுழைகிற புத்தகம் வந்தால்
முழு விலை கொடுத்து வாங்குவேன்.
வாளும் வேண்டாம், அரசனும் வேண்டாம்.
யாரும் ஏறாத ஒரு பேருந்து
விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கட்டும் உள்ளே.

காலையில் ரயில்.
ஜூ கூனில் கண் அசந்தால் கிளெமண்டிக்குள்
மன்னர் இறந்து, மகன் கெட்டு,
கோட்டை கைமாறிவிடுகிறது.
நடுவே நாலு மொழியில் யாரோ
இடைவெளியைப் பார்த்துக் கால் வைக்கச் சொல்கிறார்கள்.
பதினைந்து நொடி பின்னால் போகும் பொத்தானை
அழுத்தி அழுத்தி
ஒரு வம்சத்தையே உயிரோடு எழுப்புகிறேன்.

ஒரே ஒரு புத்தகம் பாக்கி.
முப்பத்தொன்றாம் அத்தியாயம்:
காவல்காரன் கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறான்,
வாசிப்பவர் மூச்சை இழுக்கிறார்,
அந்த நேரம் மச்சான் சந்திரவேலுவின் அழைப்பு.
என் தங்கச்சி மேகலாவின் எண்ணிலிருந்து
அவர் ஏன் பேசுகிறார் என்று
எடுக்கும் முன்பே தெரிந்தது.

இரண்டு வருடம் ஆகிறது.
அதை நீக்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை.
பதினைந்து நொடி பின்னால் போனாலும்
அதே கதவு, அதே கைதான்.
கேட்டவரைக்கும் சொல்வதானால் நாலு நட்சத்திரம்.
குரல் நல்ல குரல்.
தாழ்ப்பாளுக்கு வரும் வரை
எங்கேயும் அவசரப்படவில்லை.