சான்றுப்பொருள் மூன்று

மன்னார்குடி நீதிமன்ற மேசைமேல்
சோப்புக்கட்டி அளவில் நான் விற்ற பெட்டி.
மேலே அரக்கு முத்திரை.

"மண்வெட்டி விற்றவனா, ஐயா,
பாமணியாற்று மடையை உடைத்தவன்?"
என்றார் என் வக்கீல் உப்பிலி.
எனக்கே கண் கலங்கியது.

அரசுத் தரப்பு அம்மாள் சிரிக்காமல் எழுந்தார்.
"வெறும் மண்வெட்டி என்றால் சரி.
இவர் கரையையும் வெட்டிக் கொடுத்து
வயலில் தண்ணீர் ஏறியதும்தான்
காசை எண்ணியிருக்கிறார்."

வாஸ்தவம்.
இரண்டாயிரத்து நானூறில்
பெட்டிக்கு ஆயிரத்து நூறு.
மிச்சம், கடையைச் சாத்திவிட்டு
ராத்திரி நான் ஏற்றிய ஆப்புகளுக்கு.
பில்லில் அதை எழுதவில்லை.

ஓட்டிக் காட்டச் சொன்னார் நடுவர்.
முத்திரையை உடைத்தார்கள்.
எழுத்தரின் போனிலிருந்து நெட்.

எட்டு மாதம் பீரோவில் கிடந்த பெட்டியில்
முந்தாநாள் வெளியான படம்.
திரையோரம், ஏதோ தியேட்டரில் யாரோ
எழுந்து போகும் நிழல்.

"பாருங்கள், பெட்டிக்குள் எதுவுமே இல்லை"
என்றார் உப்பிலி.
"பாருங்கள்" என்றார் அம்மாளும்.

சாப்பாட்டு வேளை தாண்டியும் ஓடியது.
எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்று
அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.
யாரும் கேட்கவில்லை.