ஐந்தாம் பருவம்

மும்பையில் என் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டதாம்.
பாப்பாரப்பட்டியைத் தாண்டி நான் அனுப்பியதெல்லாம்
தருமபுரி அங்காடிக்குக் கூடு மூட்டைதான்.
அதைச் சொன்னேன்.
"கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கு மேடம்" என்றான்.

மேடம்.
நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக
ஒருவர் அப்படிக் கூப்பிட்டதில்
பாதி கைதானேன்.
மீதிப் பாதிக்கு அவன் தொப்பி போதுமாயிருந்தது.

போனைச் சாய்த்து வைங்க, முகம் தெரியணும்.
கதவைத் தாழ் போடுங்க.
ஓசூரில் வேன் ஓட்டுகிற உங்க வீட்டுக்காரர் பெயரும்
எஃப்.ஐ.ஆரில் இருக்கு, அவரிடம் பேசக் கூடாது.
அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்தேன்.
சிறைக்கு அவ்வளவுதான் சாமான்.

பாங்குக்கு என் கைப்பையில் வந்தான்,
காதைத் திறந்தபடி.
"எதுக்கும்மா டெபாசிட்டை உடைக்கிறீங்க?"
போர் போட, என்றேன்.
பொய்யில்லை. அதற்குத்தான் வைத்திருந்தேன்
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
எண்ணூறு அடிக்குப் போகவேண்டிய பணம்
ஒரு நொடியில் அதற்கும் கீழே போனது.
விசாரணை முடிந்ததும் திருப்பித் தருவார்களாம்.
ரசீதுகூட வந்தது, சிங்கம் போட்டு.

இரவு விளக்கை அணைக்க விடவில்லை.
ஒண்ணுக்குப் போகவும் கேட்டுத்தான் போனேன்.
கேட்டேனே,
பணத்தைவிட அதுதான் இன்னும் சுடுகிறது.

கொட்டகையில்
நாலாம் தோல் உரித்து எழுந்த புழுக்கள்.
நூறு முட்டைத் தொகுதி, நாற்பதாயிரம் வாய்.
அந்த வயசில் அவை தின்கிற சத்தம்
தகரத்தில் தூறல் விழுவது போலிருக்கும்.
சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தாலும் கேட்கும்.
விடிகாலையில் காது கொடுத்தேன்.
மழை நின்றிருந்தது.

"சார், புழுவுக்குத் தழை போடணும்."
"என்ன புழு?"
"பட்டுப்புழு சார். நேத்து காலையில போட்டது."
"அசையக் கூடாது. இன்னும் மூணு லட்சம் கட்டணும்.
அசைஞ்சா வாரண்ட்."

வாரண்ட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.
ஐந்தாம் பருவத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால்
கூடு விரல் பட்டாலே அமுங்கும், அது தெரியும்.
எழுந்தது கால்தான். நான் இல்லை.

பனி ஈரத்தை உதறி உதறித் தண்டு அறுத்தேன்.
இடுப்பில் செருகிய போனுக்குள்
யாரையோ இந்தியில் திட்டினான்,
அப்புறம் என்னை.
கொட்டகை வாசலில் சுண்ணாம்பு மிதிக்கும்போதுதான்
நினைவு வந்தது:
வெளியாள் உள்ளே வந்தால் புழுவுக்கு நோய் வரும்.
அவனை மஞ்சள் பையில் போட்டு
வாசல் ஆணியில் மாட்டினேன்.

தழை விழுந்ததும் தலை தூக்கின.
ஒன்று, ஏழெட்டு, பிறகு எண்ண முடியவில்லை.
தூறல் பிடித்துக்கொண்டது.
அதன் நடுவில் நின்று
நேற்றிலிருந்து முதல் தடவையாக
மூச்சை முழுசாக விட்டேன்,
யாரையும் கேட்காமல்.

வெளியே பை கத்திக்கொண்டிருந்தது.
மேடம், மேடம்.
பிறகு, ஏய்.
பிறகு அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை.
பிறகு சார்ஜ் தீர்ந்துவிட்டது.

நிஜ ஸ்டேஷனில் ஃபேன் ஓடவில்லை.
யாரும் மேடம் என்று சொல்லவில்லை,
உட்காரவும் சொல்லவில்லை.
"படிச்சவனே ஏமாறுறான், நீ எம்மாத்திரம்"
என்றபடி ஏட்டு பேனாவைத் தேடினார்.
சட்டைப்பையில்தான் இருந்தது. காட்டினேன்.
பணம் எத்தனை கணக்கு மாறிப் போச்சோ
பார்க்கணும், என்றார்.
அவருக்குப் பின்னால் சுவரில் காரை பெயர்ந்து கிடந்தது.
அந்தப் பொய்ச் சுவர் எவ்வளவு சுத்தம்.

"சார், எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"
"ஏன், என்ன அவசரம்?"
"பதினோரு மணிக்குத் தழை போடணும்."